புதிய சாதனம் என்றால் எது?

ஆபீஸ் மென்பொருள் எதையாவது புது லேப்டாப்பில் திறந்தால் உடனே ஒரு தடுப்பு வரும். இந்தச் சாதனம் எங்களுக்குப் பரிச்சயமில்லை, மின்னஞ்சலுக்கு ஒரு எண் அனுப்பியிருக்கிறோம், அதை இடுங்கள் என்று. நாமும் பக்கத்து டேபில் மெயிலைத் திறந்து, ஆறு இலக்கத்தை எடுத்துப் போட்டுவிட்டு வேலையைப் பார்க்கப் போகிறோம். இதற்குச் சாதனச் சரிபார்ப்பு என்று பெயர் வைத்திருக்கிறார்கள். இதில் சாதனத்தை யாரும் பார்ப்பதேயில்லை என்பதுதான் என் குறை.

சேல்ஸ்ஃபோர்ஸை எடுத்துக்கொள்வோம். நிறுவனம் நம்பும் ஐபி முகவரிகளுக்கு வெளியிலிருந்து, முன்பு பார்த்திராத பிரவுசரில் ஒருவர் லாகின் செய்தால் நிறுத்தி எண் கேட்கும். முன்பு பார்த்த பிரவுசரா இல்லையா என்று அதற்கு எப்படித் தெரியும்? போன முறை பிரவுசரில் விட்டுவைத்த குக்கியை வைத்துத்தான். குக்கி என்பது ஒரு எழுத்துச் சரம், அவ்வளவுதான். அதே லேப்டாப்பில் குரோமுக்குப் பதில் ஃபயர்பாக்ஸ் திறந்தால் நீங்கள் "புதிய சாதனம்". குக்கிகளை அழித்தால் மறுபடியும் "புதிய சாதனம்". மேசை மேல் இருக்கும் மெஷின் என்னவோ அதேதான்.

இது வெறும் தொல்லை என்றால் பொறுத்துக்கொள்ளலாம். எதிர்ப்பக்கம்தான் மோசம். லாகின் முடிந்ததும் பிரவுசருக்கு ஒரு செஷன் குக்கி கிடைக்கிறது. சாதாரண அமைப்பில் அதை யார் காப்பி எடுத்துக்கொண்டு போனாலும் சர்வருக்கு அவர்தான் ஏற்கனவே உள்ளே வந்தவர். சரிபார்ப்புத் திரையே வராது. 2021 ஜூனில் எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் நிறுவனத்தில் நடந்தது இதுதான். ஊடுருவியவர்கள் பத்திரிகையாளர்களிடம் சொன்ன கணக்குப்படி, திருட்டுக் குக்கியை 10 டாலருக்கு வாங்கி அந்த நிறுவனத்தின் ஸ்லாக்கில் நுழைந்தார்கள். பிறகு பார்ட்டியில் போனைத் தொலைத்துவிட்டதாக ஐடி சப்போர்ட்டிடம் சொல்லி, உள் நெட்வொர்க்குக்கான டோக்கனையும் வாங்கிவிட்டார்கள். ஃபிஃபா 21 விளையாட்டின் மூலநிரல் உட்பட சுமார் 780 ஜிபி போனதாகச் சொன்னார்கள். முன்வாசலில் எத்தனை பூட்டு போட்டாலும், "போன் தொலைஞ்சு போச்சு" என்பதற்கு ஒரு பின்வாசல் எல்லா ஆபீஸிலும் உண்டு. அது இல்லாமலும் முடியாது, ஏன்னா நிஜமாகவே போன் தொலைகிறது.

மின்னஞ்சலில் எண் அனுப்பும் வழக்கத்துக்கு வருவோம். அமெரிக்கத் தர நிர்ணய அமைப்பான நிஸ்ட், 2017-ல் வெளியிட்ட 800-63பி வழிகாட்டியில் இந்த வேலைக்கு மின்னஞ்சலைப் பயன்படுத்தக் கூடாது என்று நேரடியாகவே சொல்லிவிட்டது. காரணமும் தெளிவு: குறிப்பிட்ட ஒரு சாதனம் உங்கள் கையில் இருக்கிறது என்பதை மின்னஞ்சல் நிரூபிப்பதில்லை. எந்த மெஷினிலும் மெயிலைத் திறக்கலாம், அந்தச் சந்தேகத்துக்குரிய புது மெஷினிலும்தான். அப்படியும் வழக்கம் போகவில்லை. இரண்டாம் கட்டச் சரிபார்ப்பு போடாத கணக்கென்றால் கிட்ஹப்பும் மின்னஞ்சலுக்குத்தான் எண் அனுப்புகிறது. நியாயமாகச் சொன்னால், வேறெங்கோ கசிந்த கடவுச்சொல் பட்டியலை வைத்து மொத்தமாக முயன்று பார்ப்பவர்களை இது தடுக்கும். ஒன்றுமே இல்லாததற்கு இது மேல். ஆனால் அந்த அளவுக்குத்தான் மதிப்பு.

அடுத்த கட்டம் போனில் வரும் ஒப்புதல் கேள்வி. "இது நீங்கள்தானா?" ஆம், இல்லை. உபர் 2022 செப்டம்பரில் அடிபட்டது இந்த இடத்தில். நிறுவனமே சொன்ன விவரம் இது: ஒப்பந்த ஊழியர் ஒருவரின் கடவுச்சொல் திருடன் கையில் கிடைத்திருக்கிறது. அவன் திரும்பத் திரும்ப லாகின் செய்ய, அவருக்குத் திரும்பத் திரும்ப ஒப்புதல் கேள்வி போயிருக்கிறது. கடைசியில் ஒன்றை அவர் ஏற்றுக்கொண்டார். செய்தி வந்ததும் பலர் அந்த ஊழியரைத்தான் திட்டினார்கள். எனக்கு இது ஒப்பவில்லை. குக்கி போகும்போதெல்லாம் "ஆம்" அழுத்த ஆட்களைப் பழக்கியது யார்? கேட்கப்படும் மெஷின் எது என்று அந்தச் சின்னத் திரையை வைத்து அவர் எப்படித் தீர்மானிப்பார்? மைக்ரோசாஃப்ட் 2023 மே மாதம் முதல் தன் ஆத்தன்டிகேட்டரில், லாகின் திரையில் தெரியும் எண்ணைப் போனில் தட்டச்சு செய்வதைக் கட்டாயமாக்கியது. தொந்தரவு செய்தே ஒப்புதல் வாங்கும் வித்தை இதனால் குறையும். போலி லாகின் பக்கத்தில் உட்கார்ந்து நடுவில் கடத்துகிறவனுக்கு அந்த எண்ணையும் காட்டத் தெரியும்.

ஊழியரைக் குறை சொல்பவர்கள் கிளவுட்ஃபிளேர் 2022 ஆகஸ்டில் எழுதியதைப் படிக்கணும். அங்கேயும் மூன்று ஊழியர்கள் போலிப் பக்கத்தில் கடவுச்சொல்லைக் கொடுத்துவிட்டார்கள். ஆனால் அங்கே எல்லோரிடமும் வன்பொருள் சாவி இருந்தது. அந்தச் சாவி உண்மையான இணைய முகவரிக்கு மட்டுமே பதில் சொல்லும். அதனால் கடவுச்சொல் கிடைத்தும் உள்ளே போக முடியவில்லை. ஏறக்குறைய அதே சமயத்தில், அதே மாதிரித் தாக்குதலில் ட்விலியோவுக்குள் நுழைந்துவிட்டார்கள். இரண்டு இடத்திலும் மனிதர்கள் ஏமாந்தார்கள். அமைப்புதான் வேறு.

நிஜமாகவே சாதனத்தைச் சரிபார்ப்பது எப்படி என்பதும் பழைய விஷயம்தான். கூகுள் தன் பியாண்ட்கார்ப் கட்டுரையை 2014-லேயே வெளியிட்டது. நிறுவனத்தின் ஒவ்வொரு மெஷினும் ஒரு பதிவேட்டில் இருக்கும், ஒவ்வொன்றுக்கும் தனிச் சான்றிதழ் இருக்கும். எண்ணெல்லாம் கேட்பதில்லை, மெஷினே சான்று காட்டணும். இதற்குச் செலவு அதிகம். பதிவேட்டை ஒழுங்காக வைத்திருக்க ஆள் வேண்டும். சொந்த லேப்டாப்பில் வேலை செய்கிற ஒப்பந்த ஊழியரிடம் போய், உன் மெஷினில் எங்கள் மேலாண்மை மென்பொருளைப் போடு என்றால் அவருக்கும் நியாயமான ஆட்சேபம் இருக்கும். மின்னஞ்சலில் எண் அனுப்ப இந்தத் தலைவலி எதுவும் கிடையாது. அதனால்தான் அது இன்னும் ஓடுகிறது என்று நினைக்கிறேன்.

குக்கி திருட்டுக்கு மாற்றாக, செஷனை மெஷினுக்குள் இருக்கும் ரகசியச் சாவியோடு கட்டிவைக்கும் திட்டம் ஒன்றை 2024 ஏப்ரலில் குரோம் குழு அறிவித்தது. காப்பி எடுத்துப் போன குக்கி கொஞ்ச நேரத்தில் செத்துவிடும் என்பது அதன் கணக்கு. ஒவ்வொரு மென்பொருளும் தன் சர்வரில் அதற்கு வேலை செய்தாக வேண்டும்.

உங்கள் ஆபீஸ் மென்பொருளின் செட்டிங்ஸில் "நம்பகமான சாதனங்கள்" மாதிரி ஒரு பட்டியல் இருந்தால் திறந்து பாருங்க. என்னுடையதில் "குரோம், விண்டோஸ், சென்னை" என்று நான்கு வரிகள் இருக்கின்றன. நான்கும் ஒரே லேப்டாப்.