'கிவ் அப்': ஒரு சொற்றொடர் வினையும் தமிழாக்கத்தில் அதன் பொருளிழப்பும்

வினையோடு சிற்றிடைச்சொல் சேர்ந்து புதுப்பொருள் தரும் ஆங்கில அமைப்பு பிறமொழியாளரை இடறச்செய்யும் என்பதைச் சாமுவேல் ஜான்சன் 1755இல் வெளியிட்ட அகராதியின் முன்னுரையிலேயே சுட்டினார். 'சொற்றொடர் வினை' என்னும் கலைச்சொல் லோகன் பியர்சால் ஸ்மித்தின் 1925ஆம் ஆண்டு நூலில் இடம்பெற்றது. இவ்வமைப்பின் சிக்கலை உணர 'கிவ் அப்' ஒன்றே போதும்.

இதற்கு 'விட்டுவிடு' என்பதே வகுப்பறைகளில் வழங்கும் பொருள். புகைபிடிப்பதை ஒருவர் நிறுத்தும் இடத்தில் இது பொருந்தும். 'அப்' இங்கு முற்றுப்பொருளை உணர்த்துகிறது. 'விடு' என்னும் துணைவினையும் அதையே செய்கிறது. ஆனால் 'விடு' பெரும்பாலான தமிழ் வினைகளோடு இயல்பாகச் சேரும். 'அப்' அவ்வாறு சேராது. ஆகவே இவ்வொப்புமையை விதியாகக் கொள்வது பிழை.

பேருந்தில் முதியவருக்கு இருக்கையைத் தருதல் 'விட்டுக்கொடுத்தல்'. கூட்டாளியைக் காவலரிடம் ஒப்படைத்தல் 'காட்டிக்கொடுத்தல்'. குழந்தையை வேறொரு குடும்பத்திற்கு அளித்தல் 'தத்துக்கொடுத்தல்'. ஆங்கிலம் மூன்றிற்கும் 'கிவ் அப்' என்றே கூறும். 'கிவ்' என்பதன் மூலப்பொருளான 'கொடு' தமிழில் மூன்றிலும் எஞ்சி நிற்பது கவனத்திற்குரியது. 'விட்டுவிடு' என்னும் பொருளை மட்டும் மனனம் செய்த மாணவர் இழப்பது இந்தக் கொடையையே. குற்றவாளி தானே வந்து சரணடைவதும், விடுகதைக்கு விடை தெரியாதவர் தோல்வியை ஒப்புக்கொள்வதும், நோயாளி பிழைக்கமாட்டார் என மருத்துவர் கைவிரிப்பதும் இவ்வினையின் எல்லைக்குள் அடங்குவனவே. 'கைவிரித்தல்' போன்ற வழக்கை அகராதிகள் இங்கு எடுத்தாளலாம்.

தொடரமைப்பும் பொருளைத் தீர்மானிக்கிறது. செயப்படுபொருள் பெயர்ச்சொல்லாயின் 'அப்' என்பதற்கு முன்னும் பின்னும் வரலாம். 'இட்', 'ஹிம்' போன்ற சுட்டுப்பெயராயின் இடையில்தான் வரவேண்டும். 'ஆன்' சேர்ந்து 'கிவ் அப் ஆன்' ஆகும்போது பொருள் ஒப்படைத்தலினின்று நம்பிக்கையிழத்தலுக்கு நகர்கிறது. தமிழில் இவ்வேறுபாட்டை வினைத்தேர்வும் உருபும் காட்டுகின்றன: 'மகனைத் தத்துக்கொடுத்தாள்', 'மகன்மீது நம்பிக்கையிழந்தாள்'.

'ஷி கேவ் ஹிம் அப்' என்னும் தொடர் ஒரு புதினத்தில் தாயைப் பற்றி வருமாயின், மொழிபெயர்ப்பாளர் முன்பின் தொடர்களை ஆராயாமல் வினையைத் தேர்தல் இயலாது. 'விட்டுவிட்டாள்' என்று எழுதினால், வறுமையால் குழந்தையை மற்றொரு வீட்டிற்குக் கொடுத்தவள், தமிழ் வாசகருக்கு அதைத் தவிக்கவிட்டுச் சென்றவளாகத் தோன்றுவாள்.