திறமை, விடுமுறை, வீட்டுப்பாடம்: மணியாச்சிப் பக்கத்திலிருந்து சில குறிப்புகள்

மே மாதக் கடைசியில் ஒரு சாயங்காலம். மணியாச்சிக்குப் பக்கத்துக் கிராமம். பத்தாம் வகுப்புக்குப் போகவிருந்த பிள்ளை ஒருத்தி ஒரு நீள நோட்டைக் கொண்டுவந்து காட்டினாள். 'திறன்மிகு மாணவர்'களுக்கான கோடை முகாம் ஒன்றுக்குத் தேர்வாகி, பத்து நாள் அங்கேயே தங்கிப் படித்துவிட்டு வந்திருந்தாள். முகாம் முடிந்த அன்று ஒரு சான்றிதழும், பள்ளிக்கூடம் திறக்கும்வரை தினமும் செய்யவேண்டிய வீட்டுப்பாடமும் கொடுத்து அனுப்பியிருந்தார்கள். நோட்டை முடித்துக் காட்டுகிறவர்களுக்குத்தான் அடுத்த கட்ட முகாம் என்பது நிபந்தனை. முதல் நான்கு நாளுக்கு எழுதியிருந்தாள். அதற்கப்புறம் வெறுந்தாள். ஏன் என்று கேட்டேன்.

"எங்கன உக்காந்து எழுத மாமா?"

அம்மாவும் அப்பாவும் விடியுமுன்னே வேலிக்கருவை வெட்டக் கிளம்பிவிடுகிறார்கள், கரிமூட்டத்து வேலை. தண்ணீர், சோறு, தம்பி, இரண்டு வெள்ளாடு எல்லாம் இவள் பாடு. அம்மாக்காரி அடுப்படியிலிருந்தே குரல் கொடுத்தாள்: "எங்க காலத்தில லீவுன்னா பெட்டி ஒட்டணும் அண்ணாச்சி. இவளுக்கு நோட்டாவது குடுத்திருக்காக."

தாயும் மகளும் சொன்ன இந்த இரண்டு வாக்கியங்களையும் சேர்த்து வாசித்தாக வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. 'வீட்டுப்பாடம்' என்கிற சொல்லில் 'பாடம்' பற்றி நமது கல்வியாளர்கள் நிறையவே பேசியாயிற்று. சுமை, மன அழுத்தம், படைப்பூக்கம் என்று. 'வீடு' என்கிற முற்பாதியை யாரும் தொடுவதில்லை. எல்லாருக்கும் வீடு என்றால் ஒன்றுதான் என்பதுபோல.

கரிசலுக்குக் கோடை வேறு மாதிரி. புரட்டாசி, ஐப்பசி மழையை நம்பி விதைத்து, மாசி, பங்குனிக்குள் வெள்ளாமை ஒதுங்கிவிடும். பருத்தி கொஞ்சம் நீளலாம். பிறகு நிலம் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். ஆளுக்கு வேலை இராது. இந்தக் காய்ந்த வானத்தையும் வேலையற்ற கைகளையும் முதலாக வைத்தே 1920களில் சிவகாசியில் தொடங்கிய தீப்பெட்டித் தொழில் சாத்தூர், கோவில்பட்டி என்று பரவியது. குச்சி காய வெயில் இலவசம். கட்டை அடுக்கச் சின்ன விரல்கள் தோது. அடிப்பெட்டியும் மேல்பெட்டியும் ஒட்டுவதற்குத் தீப்பெட்டி ஆபீஸுக்கு வரவேண்டிய அவசியம்கூட இல்லை. தாளும் பசையும் வீடு தேடி வந்தன, குரோஸ் கணக்கில் கூலி. ஆக, எந்தப் பள்ளிக்கூடமும் கொடுப்பதற்கு முன்பே கரிசல் பிள்ளைகளுக்கு வீட்டில் உட்கார்ந்து செய்யும் வேலையைத் தொழில் கொடுத்திருந்தது. சலம் பென்னுரகரின் 'குட்டி ஜப்பானின் குழந்தைகள்' (1990) ஆவணப்படம் பார்த்தவர்களுக்கு விவரிக்கத் தேவையில்லை. இன்று நிலைமை வேறு. இயந்திரம் வந்துவிட்டது, பெட்டி ஒட்டும் திண்ணைகள் காலி. பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் இருக்கிறார்கள். இது பெரிய விஷயம், மறுக்க ஒன்றுமில்லை. ஆனால் வீட்டின் மீது சுமத்துவது என்கிற அந்த ஏற்பாடு எங்கே போயிற்று?

சட்டத்தை ஒரு பிரதியாக வாசித்தால் கொஞ்சம் வெளிச்சம் கிடைக்கிறது. 1986ஆம் ஆண்டுக் குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின் 3ஆம் பிரிவு, தீப்பெட்டி, பட்டாசு உள்ளிட்ட வேலைகளில் 14 வயதுக்குட்பட்டவர்களை ஈடுபடுத்தக் கூடாது என்று சொல்லிவிட்டு, அடுத்த மூச்சிலேயே இரண்டு இடங்களுக்கு விலக்குக் கொடுத்தது. ஒன்று, குடும்பத்தாரின் உதவியோடு நடக்கும் பட்டறை. மற்றொன்று, அரசு நடத்துகிற அல்லது அரசின் உதவியோ அங்கீகாரமோ பெற்ற பள்ளிக்கூடம். வீடும் பள்ளியும் ஒரே விலக்கு வாசகத்துக்குள் தோளோடு தோள் நிற்பதைக் கவனியுங்கள். இரண்டு இடத்திலும் பிள்ளையின் உழைப்பு உழைப்பாகக் கணக்கில் வராது; ஒன்றில் அது பாசம், மற்றதில் பயிற்சி. எம்.சி. மேத்தா தொடுத்த சிவகாசி வழக்கில் 1996இல் உச்சநீதிமன்றம் ஒரு குழந்தைக்கு 20,000 ரூபாய் வீதம் முதலாளி கட்டவேண்டும் என்று தீர்ப்பளித்தபோதும் இந்த விலக்கு அப்படியேதான் இருந்தது.

2016இல் சட்டம் திருத்தப்பட்டது. 14 வயதுக்குட்பட்டவர்களுக்கு எல்லா வேலையும் தடை. நல்லது. ஆனால் ஆபத்தில்லாத தொழில் என்றால், பள்ளி நேரத்துக்குப் பிறகும் விடுமுறைகளிலும் குடும்பத்துக்கு உதவலாம். அதாவது விடுமுறை என்றால் என்ன என்பதற்கு இந்திய அரசு சட்டப் புத்தகத்திலேயே ஒரு விளக்கம் எழுதி வைத்திருக்கிறது: ஏழைப் பிள்ளை வீட்டுக்கு வேலை செய்யும் காலம். ராஜாஜியின் 1953ஆம் ஆண்டுத் திட்டம் பாதி நாள் பள்ளி, மீதி நேரம் அப்பன் தொழில் என்றபோது 'குலக்கல்வி' என்று தமிழகம் கொதித்தெழுந்தது. 1954இல் காமராசர் முதல்வரானதும் அது போயிற்று. 2016 திருத்தத்துக்கு அந்தச் சூட்டில் பத்தில் ஒரு பங்குகூட எழவில்லை. நாளைப் பாதியாக வெட்டினால் நமக்குத் தெரிகிறது, ஆண்டை வெட்டினால் தெரிவதில்லை போலும்.

இந்த விடுமுறைக்குள்தான் 'திறமை' வந்து இறங்குகிறது.

கோடைத் திறமை முகாம் என்கிற வடிவத்துக்கு அமெரிக்காவில் ஒரு வரலாறு உண்டு. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜூலியன் ஸ்டான்லி 1971இல், கணக்கில் வயதுக்கு மீறி ஓடும் பிள்ளைகளைத் தேடத் தொடங்கினார். கல்லூரியில் சேருகிறவர்களுக்கான தேர்வைப் பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பிள்ளைகளுக்கு வைத்தார். 1979இல் அது தனி அமைப்பாயிற்று. கோடையில் மூன்று வாரம் தங்கிப் படிக்கும் முகாம்கள் நடந்தன. இன்று அதற்குக் கட்டணம் சில ஆயிரம் டாலர். நான் சொல்லவந்தது கட்டணத்தைப் பற்றி அல்ல. அந்த முகாம்களில் பகல் முழுக்க வகுப்பு. சாயங்காலம் அதே வளாகத்தில், சொல்லிக்கொடுக்க ஆள் பக்கத்தில் இருக்க, ஒரு படிப்பு நேரம். வீட்டுப்பாடம் என்று எதைச் சொல்வோமோ அது வீட்டை விட்டு வெளியே, விளக்கும் மேசையும் உள்ள இடத்தில் நடந்து முடிகிறது. வசதியான வீட்டுப் பிள்ளைகளுக்கே அப்படி ஏற்பாடு! நாம் அந்த வடிவத்தை இறக்குமதி செய்தபோது தேர்வையும் சான்றிதழையும் கொண்டுவந்தோம். சாயங்காலத்தை விட்டுவிட்டோம்.

பிறவித் திறமை என்று பள்ளிக்கூடம் கொண்டாடுவது பெரும்பாலும் வீட்டிலிருந்து வந்த சொத்துதான் என்று பூர்தியு 1960களிலேயே எழுதினார். நம் அரசுகளுக்கும் உள்ளூர இது தெரியும். ஊரகத் திறனாய்வுத் தேர்வில் மாவட்டத்துக்கு 50 பையன்கள், 50 பெண்கள் என்று எடுத்து, ஆண்டுக்கு 1000 ரூபாய் உதவித்தொகை என்று வகுத்தார்கள். திறமை மாவட்ட எல்லைகளை மதித்துச் சரியாக ஐம்பது ஐம்பதாகப் பிறக்கிறது என்று யாரும் நம்பவில்லை. திறமை என்பது பங்கீட்டுக்கு வைத்த பெயர் என்பதை ஒப்புக்கொண்ட ஏற்பாடு அது. அந்த நேர்மை எனக்குப் பிடிக்கிறது. 'கண்டுபிடிக்கிறோம்' என்று சொல்லும் முகாம்களிடம் அது இல்லை.

இங்கே தோழர்கள் சிலரோடு எனக்கு மாறுபாடு உண்டு. 2018 கோடையில், பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிந்த கையோடு, அரசுப் பள்ளி மாணவர்களில் தேர்ந்தெடுத்தவர்களைக் கல்லூரிகளில் தங்கவைத்து நீட் தேர்வுக்குத் தமிழக அரசு பயிற்சி கொடுத்தது. முகாமே ஒரு ஒழுங்குபடுத்தும் நிறுவனம், சிறை, படைமுகாம், தொழிற்சாலை வரிசையில் வருவது, ஃபூக்கோவை வாசித்தவன் இதை ஆதரிக்கலாமா என்று கேட்டார்கள். நீட்டை எதிர்ப்பது வேறு, நானும் எதிர்க்கிறேன். ஆனால் தங்கிப் படிப்பதைச் சிறை என்று சொல்பவர் யார் வீட்டிலிருந்து பேசுகிறார்? இந்தப் பிள்ளையிடம் முகாம் எப்படி இருந்தது என்று கேட்டேன். கணக்கைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை. "பத்து நாளும் நான் தண்ணி எடுக்கல மாமா" என்றாள். வீட்டின் அதிகாரத்திலிருந்து ஒரு பெண்பிள்ளைக்குக் கிடைத்த பத்து நாள் விடுதலையை எந்தக் கோட்பாட்டில் வைத்து நிராகரிப்பீர்கள்? என் ஆட்சேபம் வேறு. பத்து நாள் வீட்டைக் கழித்துவிட்டு அவளைப் படிக்கவைத்தவர்கள், பதினோராம் நாள் அதே வீட்டை வைத்து அவளை அளக்கிறார்கள். முகாமுக்கான தேர்வில் ஜெயித்தவளை வீட்டுப்பாடம் சத்தமில்லாமல் இரண்டாம் முறை வடிகட்டுகிறது. நோட்டில் வெறுந்தாளைப் பார்ப்பவர் 'ஊக்கமில்லை' என்றுதான் குறித்துக்கொள்வார்.

உடனே ஒரு கதை சொல்வார்கள். தெருவிளக்கில் படித்து உயர்நீதிமன்ற நீதிபதியான முத்துசாமி ஐயர் கதை. நூறு ஆண்டுக்கு மேலாக இந்தக் கதை ஏழைப் பிள்ளைகளை அடிக்கும் பிரம்பாக இருந்து வருகிறது. ராத்திரி பத்து மணிக்குத் தெருவில் தனியாக நிற்க யாருக்கு அனுமதி உண்டு, அவன் படிக்கிற நேரத்தில் சோறு பொங்குவது யார் என்ற கேள்விகளைக் கதை கேட்கவிடுவதில்லை. எங்கள் ஊர்ப் பிள்ளை மணியாச்சிச் சந்திப்பின் நடைமேடை விளக்கில் போய் உட்கார்ந்தால் மறுநாள் என்ன பேச்சு வரும் என்று சொல்லத் தேவையில்லை. (மணியாச்சி என்றதும் எல்லாருக்கும் வாஞ்சிநாதன் நினைவு வரும். 1911 ஜூன் 17 அன்று அந்தச் சந்திப்பில் சுடப்பட்ட கலெக்டர் ஆஷ், கொடைக்கானலில் இருந்த பிள்ளைகளைப் பார்க்கப் போய்க்கொண்டிருந்தார். பிள்ளைகளுக்கு மலையில் கோடை என்பது அப்போதே யாரோ சிலருக்கு இருந்தது.)

2021இல் தொடங்கிய 'இல்லம் தேடிக் கல்வி' இந்த இடத்தைத் தொட்டது. சாயங்காலம் ஒன்றரை மணி நேரம், தெருவிலேயே ஒரு தன்னார்வலர், எட்டாம் வகுப்பு வரைக்கும். தொண்டூழியம் என்ற பெயரில் படித்த பெண்களை மலிவாக வேலை வாங்குகிறார்கள் என்ற விமர்சனத்தில் நியாயம் உண்டு. ஆனாலும் பெயர் இல்லம் தேடி என்றிருந்தாலும் அது கொடுத்தது இல்லத்துக்கு வெளியே ஒரு பாயும் விளக்கும்தான். கோடை முகாம் நடத்துகிறவர்கள் சான்றிதழுக்குச் செலவிடும் காசில் அந்தந்த ஊரில் மே மாதம் முழுக்க ஒரு வகுப்பறையைச் சாயங்காலம் திறந்து வைக்கலாம். தேர்வானவர்களுக்கு மட்டும் என்று இல்லாமல், கூடப் படிக்கிறவர்களும் தம்பி தங்கையோடு வந்து உட்காரலாம். ஆட்டை மட்டும் எங்கே கட்டுவது என்று யோசிக்க வேண்டும்.

முகாமை நடத்தியவர்களில் ஒருவரைப் பிறகு ஒருநாள் பார்த்தபோது இதைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். நல்ல மனிதர்தான். "நீங்க சொல்றது சரிங்க. வீட்டுப்பாடத்தை எடுத்துடலாம்னு நானும் கூட்டத்தில சொல்லிப் பார்த்தேன். டவுன்ல இருந்து வர்ற பேரண்ட்ஸ் ஒத்துக்கமாட்டேங்குறாங்க. பத்து நாள்ல என்னத்தப் படிச்சுட்டான், இன்னும் ரெண்டு நோட்டு சேர்த்துக் குடுங்கங்குறாங்க."