ஒலிபெருக்கியும் லேவியரும்

எழுத்தறியாத கிராம மக்களுக்குப் பயனுள்ள செய்தியைச் சேர்ப்பித்த முயற்சிகளுள், எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998-இல் புதுவைப் பகுதியில் தொடங்கிய கிராம அறிவு மையங்கள் நம் திறனாய்வுக்குரியவை. வீராம்பட்டினத்தில், அமெரிக்கக் கடற்படையின் இணையதளம் தந்த அலை உயர முன்னறிவிப்பு தமிழாக்கப்பெற்று ஒலிபெருக்கியில் ஒலித்தது. 2004 டிசம்பர் 26 அன்று, சிங்கப்பூரிலிருந்து வந்த தொலைபேசி எச்சரிக்கையை ஒலிபெருக்கி ஊரெங்கும் அறிவிக்க, நல்லவாடு மக்கள் உயிர் தப்பினர்.

இச்சிறப்பைக் கணிப்பொறிக்கு மட்டும் உரியதாக்குவது பிழை. அது ஊரார் கேட்டுப் பழகிய குரல். நம்பிக்கை ஆபத்து நாளில் பிறப்பதில்லை.

எனினும் ஒலிபெருக்கி பேசும், கேளாது. அலையின் உயரத்தைச் சொல்ல அது போதும். திருப்பெரும்புதூர்–ஒரகடம் தொழிற்பகுதிக் கிராமங்களுக்கு வரும் செய்தியோ வேறு: நில எடுப்பு அறிவிப்பு, இழப்பீட்டுத் தொகை, ஒப்பந்தத் தொழிலாளரின் சேமநிதி. இங்கே கேட்பவர் திருப்பிக் கேட்க வேண்டும். ஆட்சேபிக்கக் குறித்த நாள் கடந்தபின் விளங்கிப் பயனில்லை.

நெகேமியா 8-ஆம் அதிகாரத்தில் எஸ்றா வாசித்ததோடு காரியம் முடியவில்லை. லேவியர் மக்களுக்குப் பொருள் விளக்கினர். நம் பிரசங்கபீடம் ஒலிபெருக்கியின் குறையையே உடையது என்பதை நாம் ஒப்புக்கொள்ள வேண்டும். ஆராதனைக்குப்பின் சபையார் கொண்டுவரும் அறிவிப்புத் தாளை வாசித்து விளக்கவும், தமக்குத் தெரியாதபோது தெரிந்தவரிடம் அழைத்துச் செல்லவும் சபைதோறும் ஒருவர் வேண்டும். கைநாட்டு வைக்குமுன் இது நடைபெற வேண்டும். இதுவும் திருவசன ஊழியத்தின் பகுதியே.