பெட்டியும் படிவமும்: திருச்சி 1956-ஐ முன்வைத்துச் சில குறிப்புகள்

2024இல் கமலா ஹாரிஸ் ஜெயிக்கவேண்டுமென மன்னார்குடிக்குப் பக்கத்துத் துளசேந்திரபுரத்தில் பூஜை நடந்தது. அமெரிக்கத் தேர்தல் பற்றிய பேச்சு பாலக்கரை டீக்கடை பெஞ்சுவரை வந்தது. தேர்வாளர்கள் 538, ஜெயிக்க 270, 2016இல் கூடுதல் ஓட்டு வாங்கியும் ஹிலாரி தோற்றார் என்பதெல்லாம் நம்மாட்களுக்கு அத்துப்படி. ‘இது என்னய்யா ஜனநாயகம்?’ என்று ஒரு கேலி வேறு. 1967இல் இங்கே காங்கிரஸ் 41.10 சதவீதம் வாங்கி 51 இடங்களில் நின்றுபோனது, தி.மு.க. 40.69 சதவீதத்தில் 137 இடம் பிடித்தது. (தி.மு.க. எல்லாத் தொகுதிகளிலும் நிற்கவில்லை, கூட்டணி ஓட்டைச் சேர்த்தால் கணக்கு மாறும் என்பதும் உண்மை.) ஓட்டு வேறு, ஓட்டு அதிகாரமாக மாறும் எந்திரம் வேறு. இது அங்கேயும் உண்டு, இங்கேயும் உண்டு.

நம்மிடம் இல்லாத ஒன்று அங்கே இருக்கிறது: வேட்பாளரைத் தேர்வதற்கே ஒரு தேர்தல். 1968இல் முதன்மைத் தேர்தல்களில் நிற்காத ஹம்ஃப்ரியை ஜனநாயகக் கட்சி வேட்பாளராக்கியது. சிகாகோ மாநாட்டுக்கு வெளியே போலீஸ் தடியடி, உள்ளேயும் கலகம். அதற்குப் பிறகுதான் அந்த முறை இன்றைய அளவுக்குப் பரவியது. அதாவது தலைமை தானமாகக் கொடுத்ததல்ல, எதிர்த்துப் பெற்றது. பணம் அதை எப்படித் தின்கிறது என்பது வேறு கதை. கமலா ஹாரிஸே முதன்மைத் தேர்தலில் ஜெயித்து வந்தவரல்ல. 2024 ஜூலையில் பைடன் விலகியபின் பிரதிநிதிகள் தேர்ந்தவர். அமெரிக்காவைப் புனிதமாக்க இங்கே எவருக்கும் அவசியமில்லை.

ஆனால் ‘தலைவர் சொன்னால் சரி’ என்பது நம் ‘பண்பாடு’ என்று ஒரு கதையாடல் உலவுகிறதே, அதை மறுக்கத் திருச்சியே போதும். 1949இல் பிறந்த தி.மு.க. 1952 தேர்தலில் நிற்கவில்லை. 1956 மே மாதம் திருச்சியில் கூடிய மாநில மாநாட்டில், தேர்தலில் நிக்கலாமா வேணாமா என்று கூடியிருந்தவர்களிடமே பெட்டி வைத்துக் கேட்டார்கள். ‘நிற்கலாம்’ என்றவர்கள் 56,942 பேர், ‘வேண்டாம்’ என்றவர்கள் 4,203 பேர் என்று கணக்கு. மறு ஆண்டு சட்டமன்றத்தில் 15 பேர்.

இதைப் பொற்காலமாக்கிக் கொண்டாடுவதில் அர்த்தமில்லை. கேள்வியை வடிவமைத்தது தலைமை. விடை ஆம்/இல்லை என்ற இரண்டுக்குள். எந்தத் தொகுதியில் யார், எந்தச் சாதிக்காரர், பெண்ணா ஆணா என்பதெல்லாம் அந்தப் பெட்டிக்குள் விழவேயில்லை. ஆனாலும் கேட்கப்பட்டது. கேட்க முடியும் என்பதற்கு அதுவே சாட்சி.

இன்று என்ன நடக்கிறது? விருப்ப மனு, அதற்கொரு கட்டணம், நேர்காணல், பிறகு பட்டியல். பி-படிவத்தில் கட்சி அதிகாரம் கொடுத்தவரின் மைக் கையெழுத்து விழுந்தால்தான் சின்னம். வட்டத்தில் நாற்பது வருஷமாகச் சுவரொட்டி ஒட்டியவனுக்கு அந்தக் கையெழுத்தில் ஒரு புள்ளி பங்குகூட இல்லை. ஓட்டுச்சாவடிக்கு நாம் போகுமுன்பே பாதித் தேர்தல் முடிந்துவிடுகிறது.

ஜெயித்த பிறகும் அதே கையெழுத்தின் நிழல்தான். 2017 ஜூலையில் ஒபாமா காப்பீட்டுச் சட்டத்தை ஒழிக்க வந்த மசோதாவை மெக்கெய்ன் உட்பட மூன்று குடியரசுக் கட்சி செனட்டர்கள் தோற்கடித்தார்கள். பதவி போகவில்லை. அதே ஆண்டு செப்டம்பரில், முதல்வருக்கு எதிராக ஆளுநரிடம் மனுக் கொடுத்த 18 அ.தி.மு.க. உறுப்பினர்களைப் பேரவைத் தலைவர் தகுதி நீக்கினார். அவர்கள் கொள்கை மறவர்கள் என்றெல்லாம் நான் சொல்ல வரவில்லை. 1985இன் கட்சித்தாவல் தடைச் சட்டம் விலைபோவதைத் தடுக்க வந்தது. கூடவே மாறுபட்டு நினைப்பதையும் சேர்த்துத் தடுத்தது. கொள்கை விவாதம் சட்டமன்றத்திலிருந்து தலைவர் வீட்டு வரவேற்பறைக்குக் குடிபெயர்ந்தது.

பெரியார் தேர்தலுக்கு வெளியே நின்றார். வெளியிலிருந்து ஆட்சியை நெருக்குவது ஒரு வழி, இன்றும் செல்லுபடியாகும் வழி. ஆனால் உள்ளே போனவர்களிடம் நாம் கேட்பதெல்லாம் ‘என்ன செய்தாய்?’ என்பது மட்டுமே. ‘உன்னை யார் நிறுத்தினார்?’ என்று கேட்பதில்லை. 61,145 பேரிடம் ஒரு மாநாட்டில் பெட்டி நீட்ட முடிந்ததென்றால், ஒரு தொகுதியின் கட்சி உறுப்பினர்களிடம் ஏன் நீட்ட முடியாது? கட்சிக்குள் இருக்கிற தோழர்கள் அடுத்த விருப்ப மனுவுக்குப் பணம் கட்டுமுன் இதைக் கேட்கவேண்டும்.