கறுப்பு முக்காடும் வட்டியில்லாத் தவணையும்

விளம்பரம் என்பது வாங்குவோரின் விருப்பத்தை அறிந்து நிறைவேற்றும் தொண்டா, அன்றி இல்லாத விருப்பத்தை மனத்தில் விதைத்து அறுவடை செய்யும் தந்திரமா என்னும் வினா இன்று கைப்பேசிகளையும் கணிப்பொறிச் சாதனங்களையும் முன்னிட்டு எழுப்பப்படுகிறது. வினா புதியதன்று. அரபு இலக்கியத்தோடு பழகியவர்களுக்கு இது ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேற்பட்ட பழமை உடையது.

அபுல் ஃபரஜ் இஸ்பஹானி தொகுத்த ‘கிதாபுல் அகானீ’ ஒரு செய்தியைச் சொல்கிறது. இராக்கிலிருந்து மதீனாவுக்கு ஒரு வணிகர் பல நிற முக்காடுகளைக் கொண்டுவந்தார். ஏனைய நிறங்கள் யாவும் விற்றன. கறுப்பு மட்டும் தேங்கிற்று. அவர் தம் நண்பர் தாரிமீயிடம் முறையிட்டார். தாரிமீ கவிஞர், ஆயினும் அப்போது பாட்டைத் துறந்து பள்ளிவாசலில் வணக்கத்தில் ஈடுபட்டிருந்தார். நண்பருக்காக அவர் ஒரு சிறு கவிதை இயற்றினார். கறுப்பு முக்காடிட்ட ஓர் அழகி, தொழுகைக்கு ஆயத்தமான துறவியின் நெஞ்சைக் கலைத்துவிட்டாள் என்பது அதன் பொருள். பாடகர் அதைப் பாடினார். ஊர் முழுதும் பரவிற்று. கறுப்பு முக்காடு வாங்காத நாகரிக மங்கையே மதீனாவில் இல்லை என்னும்படி சரக்கு தீர்ந்தது. தாரிமீ மீண்டும் பள்ளிவாசலுக்குத் திரும்பினார்.

இந்நிகழ்ச்சியில் ஏமாற்று உண்டா? துணியைப் பற்றி ஒரு பொய்யும் சொல்லப்படவில்லை. வந்தவர்கள் நிறத்தைக் கண்டார்கள், நெசவைத் தொட்டுப் பார்த்தார்கள், விலை கேட்டார்கள். ஆனால் அந்த விருப்பம் கவிதையால் பிறந்ததே என்பதை மறுக்க இயலாது. நேற்றுவரை எவரும் விரும்பாத பொருள் இன்று அனைவர்க்கும் வேண்டியதாயிற்று.

மேலைநாட்டுப் பொருளியலார் இருவர் இதையே வேறு மொழியில் வாதித்தனர். பின்னாளில் இந்தியாவில் அமெரிக்கத் தூதராகப் பணியாற்றிய கால்பிரெய்த், தேவையை நிறைவேற்றும் உற்பத்தியே அத்தேவையைப் படைக்கவும் செய்யுமானால் அதை அவசரத் தேவை என்று எவ்வாறு கொள்வது என 1958-இல் எழுதிய நூலில் கேட்டார். 1961-இல் ஹையக் அதற்கு விடை இறுத்தார்: மனிதனின் உயர்ந்த விருப்பங்கள் பலவும் பிறரால் தோன்றியவையே, இலக்கியம் படைக்கப்படாவிடில் இலக்கிய வேட்கையும் இராது, அதனால் அவ்வேட்கை மதிப்பற்றதாகிவிடுமா என்றார். இருவர் வாதத்திலும் உண்மை உண்டு. எனினும் இருவரும் விருப்பத்தின் பிறப்பையே ஆராய்ந்தனர். பிறப்பை ஆராய்ந்தால் இவ்வழக்கு என்றும் தீராது.

இஸ்லாமியச் சட்டவியல் வேறோர் இடத்திலிருந்து தொடங்குகிறது. உனக்கு இந்த ஆசை எங்கிருந்து வந்தது என்று அது கேட்பதில்லை. வாங்கும் வேளையில் உனக்குக் காட்டப்பட்டது என்ன, மறைக்கப்பட்டது என்ன என்று கேட்கிறது. ஆடு ஒட்டகங்களின் மடியைச் சில நாள் கறவாமல் கட்டிவைத்து, பால் மிகுந்ததாகக் காட்டி விற்பதை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். அவ்வாறு வாங்கியவர் கறந்து பார்த்தபின் வைத்துக்கொள்ளவும் திருப்பித் தரவும் உரிமை உடையவர் என்று ஹதீஸில் வந்துள்ளது. திருப்பித் தரும் உரிமை பற்றி ஷாஃபிஈ, ஹனஃபீ அறிஞர்களிடையே கருத்து வேற்றுமை உண்டு. அச்செயல் வஞ்சகம் என்பதில் வேற்றுமை இல்லை. வாங்கும் எண்ணமே இல்லாத ஒருவன் ஏலத்தில் நின்று விலையை ஏற்றிவிடும் ‘நஜ்ஷ்’ என்பதும் தடுக்கப்பட்டதே. முன்னது சரக்கைப் பற்றிய பொய். பின்னது சந்தையைப் பற்றிய பொய். இவ்விரண்டு அளவுகோல்களும் கையில் இருந்தால் இன்றைய விளம்பரங்களை எளிதில் எடைபோடலாம்.

நம் தோல் வட்டாரத்தார்க்கு இதை விளக்க நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம், இராணிப்பேட்டை ஊர்களில் தோலின் முகத்தைத் தடவிப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். உண்ணி கடித்த வடுவும் முள் கீறிய தழும்பும் உள்ள தோலின் முகத்தைத் தேய்த்து, நிறப்பூச்சு ஏற்றி, மேலே வரி அச்சிட்டு விற்பது தொழிலில் வழக்கம். அது குற்றமன்று. வாங்குபவருக்கு அது பூச்சுத் தோல் என்று தெரியும். விலையும் அதற்கேற்பக் குறையும். அதே தோலை முகம் கெடாத முழுத்தோல் என்று சொல்லி விற்றால் அது ‘தத்லீஸ்’, அதாவது குறையை மறைக்கும் மோசடி. பூச்சு ஒன்றேதான்; சொல்லி விற்பதும் சொல்லாமல் விற்பதுமே ஹலாலையும் ஹராமையும் பிரிக்கின்றன. தோல் மண்டியில் இந்த வேற்றுமையை ஒரு பார்வையில் கண்டுகொள்ளும் நாம், கைப்பேசிக் கடையில் மட்டும் ஏன் கண்ணை மூடிக்கொள்கிறோம்?

கைப்பேசித் திரையில் ஒரு பொருளின் கீழே, இன்னும் இரண்டே எஞ்சியுள்ளன, இத்தனை பேர் இப்போது பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று தோன்றுகிறது; கடிகாரம் ஒன்று பின்னோக்கி ஓடுகிறது. அச்செய்தி மெய்யானால் அது அறிவிப்பு. பொய்யானால் அது நஜ்ஷே. ஏலத்தில் நின்ற பொய்யாளின் இடத்தில் இப்போது ஓர் எண் நிற்கிறது, அவ்வளவுதான். 2023 நவம்பர் 30-ஆம் நாள் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் இத்தகைய 13 தந்திரங்களைப் பட்டியலிட்டுத் தடை செய்தது. பொய்யான அவசரம் காட்டுதல், கேளாத பொருளைக் கூடையில் நுழைத்தல், வேண்டாம் என்பவரை வெட்கப்படுத்துதல், சேர்வதை எளிதாக்கி விலகுவதைக் கடினமாக்குதல் ஆகியவை அவற்றுள் அடங்கும்.

இவற்றினும் நம் குடும்பங்களை நேரே தொடும் விளம்பரம் ஒன்று உண்டு. ‘வட்டியில்லாத் தவணை’ என்பது அது. வட்டி ஹராம் என்று அஞ்சும் முஸ்லிம் வீட்டில் இச்சொல்லுக்கு உள்ள ஈர்ப்பைச் சொல்ல வேண்டியதில்லை. காலணித் தொழிற்சாலைக்குச் செல்லும் இளைஞனும், மகளின் படிப்புக்காகக் கைப்பேசி தேடும் தாயும், மார்க்கம் அனுமதித்த வழி கிடைத்தது என்று நம்பிக் கையெழுத்திடுகிறார்கள். ஒரு கற்பனைக் கணக்கைப் பார்ப்போம். பொருளின் விலை 12,000 ரூபாய். கடை 800 ரூபாய் தள்ளுபடி தருகிறது. வங்கி 11,200 ரூபாயைக் கடனாகத் தந்து 800 ரூபாய் வட்டி விதிக்கிறது. வாடிக்கையாளர் தவணைகளில் 12,000 ரூபாய் செலுத்துகிறார். கூட்டிப் பார்த்தால் கூடுதல் ஒன்றும் இல்லை. பத்திரத்தைப் படித்தால் வட்டி இருக்கிறது. கடன் அட்டை வழியே சென்றால் அந்த வட்டியின் மீது வரியும், பல வேளைகளில் நடைமுறைக் கட்டணமும் சேர்கின்றன. ரொக்கம் கொடுப்பவர்க்கு அந்த 800 ரூபாய்த் தள்ளுபடி கிடைக்காதாயின் அது தள்ளுபடியும் அன்று. வட்டிக்கு இட்ட முக்காடு. 2013 செப்டம்பரில் ரிசர்வ் வங்கியே, பூஜ்ய வட்டி என்று ஒன்று கிடையாது, வட்டி கட்டணங்களுக்குள் மறைக்கப்படுகிறது என்று வங்கிகளைக் கண்டித்தது. அதன்பின் பலகையில் சொல் மாறிற்று, கணக்கு மாறவில்லை.

தவணைக்கு விற்பதே கூடாது என்று எவரும் கருத வேண்டா. விலையை உறுதி செய்து, தவணைக்கென்று சற்றுக் கூட்டியே கடைக்காரர் தம் சொந்தச் சரக்கை விற்பதைப் பெரும்பாலான சட்ட அறிஞர்கள் அனுமதிக்கிறார்கள். அது வணிகம். கடன் தந்து அதன்மேல் கூடுதல் பெறுவது வட்டி. பின்னதை முன்னதன் பெயரால் விற்பதே நாம் கண்டிப்பது. இங்கே விளம்பரம் மக்களின் விருப்பத்தை நிறைவேற்றுகிறதா, மயக்குகிறதா? அவர்களுக்கு ஏற்கெனவே உள்ள புனிதமான விருப்பத்தைச் சொல்லால் நிறைவேற்றிப் பத்திரத்தால் முறியடிக்கிறது. மடி கட்டிய ஆடு இதுவே.

வாங்குபவர் அறிவுள்ளவர், படித்துப் பார்த்துக் கையெழுத்திடுவது அவர் பொறுப்பு என்று வணிகர் சொல்லலாம். பாதி உண்மை. வணிகத்தில் அடிக்கடி ஏமாந்த ஒரு தோழர் நபியவர்களிடம் முறையிட்டபோது, நீ விழிப்பாயிருந்திருக்க வேண்டும் என்று அவர் திருப்பி அனுப்பப்படவில்லை. பேரம் முடிக்கும்போது ஏமாற்று இருத்தலாகாது என்று நிபந்தனை கூறும்படி அவருக்குக் கற்பிக்கப்பட்டது. மூன்று நாள் யோசிக்கும் அவகாசம் தரப்பட்டதாகவும் அறிவிப்பு உண்டு. எளியவனின் எளிமை வணிகனுக்கு மூலதனம் ஆகலாகாது என்பதே இதன் கருத்து.

தொழில்நுட்பத்தையோ விளம்பரத்தையோ அடியோடு பழிப்பது நம் நோக்கமன்று. 2020-இல் பள்ளிகள் மூடியபோது கைப்பேசி இல்லாத வீட்டுப் பிள்ளை பாடத்தையே இழந்தது. அத்தேவையை எந்த விளம்பரமும் படைக்கவில்லை. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களும் ‘இஹ்யா’வில், சரக்கில் இல்லாததைப் புகழ்வது பொய், இருப்பதை வீணே புகழ்வது வெட்டிப் பேச்சு என்று கண்டித்துவிட்டு, சொன்னாலன்றி வாங்குபவர் அறிய முடியாத குணத்தைச் சொல்வதற்கு இடமளிக்கிறார்கள். நேர்மையான விளம்பரத்துக்கு இதைவிடச் சிறந்த இலக்கணம் வேண்டியதில்லை.

ஆகவே தாரிமீயின் கவிதையை நாம் ரசிக்கலாம். அதில் மயங்கி முக்காடு வாங்கியவர் தம் ஆசைக்குத் தாமே பொறுப்பு. துணி அவர் கையில் இருந்தது. பத்திரம் கையில் தரப்படாத இடத்தில் அப்பொறுப்பு விற்பவருடையது. ‘வட்டியில்லை’ என்ற பலகையைத் தொங்கவிட்டிருக்கும் கடைக்காரர்களுள் நம்மவரும் உளர். கடன் தருவது யார், வட்டி எவ்வளவு, ரொக்க விலை என்ன என்னும் மூன்றையும் அதே பலகையில், அதே அளவு எழுத்தில் அவர்கள் எழுதட்டும். அதைப் படித்தபின்னும் ஒருவர் வாங்கினால் அவர் தம் விருப்பப்படி வாங்கினார் என்று ஒப்புக்கொள்வோம். எழுதத் தயங்கினால், எது விற்கப்படுகிறது என்பதற்கு அத்தயக்கமே சாட்சி.