சாங்கோ மக்களும் அவர்களைத் தேடிய நூல்களும்

ருமேனியாவின் கிழக்கே, கார்ப்பாத்திய மலைகளுக்கு அப்பால், மொல்தாவியப் பகுதியின் சிரெத் ஆற்றையொட்டிய சிற்றூர்களில் ஹங்கேரிய மொழியின் பழைய வழக்கொன்று இன்றும் புழங்கி வருகின்றது. அதனைப் பேசுவோர் சாங்கோக்கள் எனப்படுவர். மதத்தால் கத்தோலிக்கர், சூழ வாழ்வோரோ ருமேனிய மொழி பேசும் ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர். தேப்ரெண்டெயி காபோர் விடுத்த வினாக்களுக்குப் பாதிரியார் பெத்ராஷ் இன்ட்ஸே யானோஷ் 1841-இல் எழுதிய விடைகளிலிருந்து கணக்கிட்டால், இம்மக்களைப் பற்றிய ஆய்வுக்கு நூற்றெண்பது ஆண்டுகளுக்கு மேல் வயதாகின்றது. (ஹங்கேரியர் குடும்பப் பெயரையே முன்னே எழுதுவர்.) வந்தவர்கள் எதைக் கேட்டார்கள் என்பதைக் கொண்டே அவர்களுடைய நூல்களை எடைபோட வேண்டும் என்பது என் கருத்து.

தொமொகோஷ் பால் பேத்தெர் 1929-இல் அவ்வூர்களுக்குச் சென்றார். 1931-இல் ‘மொல்தாவிய ஹங்கேரியர்’ என்னும் நூலை வெளியிட்டார். உழைப்பிலும் பரிவிலும் குறைகாண முடியாத நூல். ஆனால் அவர் தேடிச் சென்றது பிரிந்துபோன உடன்பிறப்புகளை. தலைப்பே அதைச் சொல்லிவிடுகின்றது. அம்மக்களுள் பலரோ, “நீங்கள் யார்?” என்று வினவினால், “கத்தோலிக்கர்” என்றே விடையிறுப்பர். இனத்தைக் கேட்டவனுக்கு மதம் பதிலாக வந்தால், அதை அறியாமையென்று ஒதுக்குவதா, அதுவே விடையென்று ஏற்பதா? தேசியப் பற்று மிகுந்த ஆய்வுகள் பெரும்பாலும் முன்னதையே செய்தன.

கல்லோஷ் ஸோல்தானின் ‘கதைப்பாடல்களின் நூல்’ (1970) வேறு வகையது. பிற இடங்களில் மறைந்துபோன பாடல்கள் உயிர்த்துடிப்போடு அதில் உள்ளன. அழகிய நூல்தான். எனினும், பாடுகிற பாட்டி தன் பேரனிடம் எம்மொழியில் பேசுகிறாள் என்பதைப் பாடல் சொல்லாது.

அந்த வினாவைத் துணிந்து கேட்டவர் கொலோஷ்வார் நகரப் பேராசிரியர் தான்த்ஸோஷ் வில்மோஷ். 1995-இல் அவர் வெளியிட்ட பழம் பிரார்த்தனைத் தொகுப்பே இவ்வரிசையில் என்னை மிகுதியும் ஈர்த்தது. கோயிலில் குருமார் நடத்தும் வழிபாடு நெடுங்காலமாக ருமேனிய மொழியில். வீட்டிலோ, மூதாட்டியர் வாய்மொழியாகக் கற்ற ஹங்கேரியப் பிரார்த்தனைகளை ஓதினர். ஒரே இறைவனிடம், பீடத்தின் முன்னே ஒரு மொழி, படுக்கையோரம் இன்னொரு மொழி! இம்மக்களின் மதம் அவர்களைத் தனித்த சமூகமாகக் காத்தது. அம்மதத்தின் பீடமே அவர்கள் மொழியைக் கரைக்கவும் துணைநின்றது. இந்த முரணைத் தொமொகோஷ் தொட்டதைவிடத் தான்த்ஸோஷ் ஆழமாகத் தொட்டுள்ளார்.

ஊர் ஊராகச் சென்று, ஒவ்வொரு தலைமுறையும் மொழியை எந்த அளவு அறிந்திருக்கின்றது என்றும் அவர் கணித்தார். 1992-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி மொல்தாவியக் கத்தோலிக்கர் ஏறத்தாழ 2,40,000 பேர். அவர்களுள் ஹங்கேரிய மொழி அறிந்தோர் தொண்ணூறுகளில் சுமார் 62,000 என்பது அவர் மதிப்பீடு. 2008-2010-இல் மீண்டும் கணித்தபோது அது சுமார் 49,000 ஆகிவிட்டது. இடையே, 2001-இல், சாங்கோ ஊர்க் கோயில்களில் அவர்கள் மொழியிலும் வழிபாடு நடைபெற வாய்ப்பளிக்க வேண்டுமென ஐரோப்பிய மன்றத்தின் பேரவை பரிந்துரைத்திருந்தது.

இந்நூல்களைப் படிக்கப் புகுவோர் கதைப்பாடல்களைப் பின்னர் வைத்துக்கொண்டு, பிரார்த்தனைத் தொகுப்பை முதலில் எடுப்பது நலம்.