போரூரில் பிரியும் கணக்கு: ‘சென்னை ஒன்’ செயலி எவ்வளவு மிச்சப்படுத்துகிறது?

ஐயப்பன்தாங்கலில் அறை எடுத்துத் தங்கும் வெளியூர்க்காரர்கள் ஊர் சுற்றிப் பார்க்க வந்தவர்களாக இருப்பது அபூர்வம். போரூர் ராமச்சந்திரா மருத்துவமனையில் உறவினரைச் சேர்த்துவிட்டுக் காத்திருப்பவர்கள், மணப்பாக்கம் ஐ.டி. வளாகத்தில் நேர்முகத் தேர்வுக்கு வந்த இளைஞர்கள், நந்தம்பாக்கம் வர்த்தக மையத்தில் கடை போட வந்த சிறு வியாபாரிகள் என்று வேலையாக வந்தவர்களே அதிகம். எந்தப் பேருந்து எங்கே போகும் என்று தெரியாத ஒரே காரணத்தால் ஆட்டோவுக்கும் காருக்கும் பணத்தைக் கொட்டுபவர்களும் இவர்கள்தான். 2025 செப்டம்பர் 22 அன்று முதல்வர் மு.க.ஸ்டாலின் தொடங்கிவைத்த ‘சென்னை ஒன்’ செயலி இவர்களுக்கு எவ்வளவு கைகொடுக்கிறது என்பதுதான் உண்மையான பரிசோதனை.

மாநகரப் பேருந்து, மெட்ரோ, புறநகர் ரயில், அவற்றோடு ஆட்டோவும் வாடகைக் காரும் இந்த ஒரே செயலிக்குள் வருகின்றன. ஒருங்கிணைந்த பெருநகரப் போக்குவரத்துக் குழுமமான ‘கும்டா’ இதை நடத்துகிறது. கைப்பேசி எண்ணைக் கொடுத்து உள்ளே போய், புறப்படும் இடத்தையும் சேருமிடத்தையும் சொன்னால் வழிகளைக் காட்டுகிறது. யு.பி.ஐ. மூலம் பணம் கட்டியதும் க்யூஆர் பயணச்சீட்டு கைக்கு வந்துவிடுகிறது. பேருந்துகளில் பொருத்தப்பட்ட ஜி.பி.எஸ். உதவியால் வண்டி எங்கே வந்துகொண்டிருக்கிறது என்பதும் வரைபடத்தில் தெரியும். ஊருக்குப் புதியவருக்கு இந்த ஒரு வசதியே பெரிய தைரியம். அடுத்த பேருந்து பக்கத்தில்தான் வருகிறது என்று தெரிந்தால், கை தானாக ஆட்டோவை நிறுத்தாது.

ஐயப்பன்தாங்கலிலிருந்து நகருக்குள் போகிறவரின் வழி போரூரில் இரண்டாகப் பிரிகிறது. 26-ஆம் எண் பேருந்து ஆற்காடு சாலையைப் பிடித்து வளசரவாக்கம், விருகம்பாக்கம் வழியாக வடபழனிக்குப் போகும். பூந்தமல்லியிலிருந்து வரும் 54 பரங்கிமலை – பூந்தமல்லி சாலையிலேயே நேராக ராமாபுரம், நந்தம்பாக்கம் தாண்டிக் கிண்டியைத் தொடும். வடபழனியில் மெட்ரோ உண்டு. கிண்டியில் மெட்ரோவும் உண்டு, கடற்கரை – தாம்பரம் புறநகர் ரயிலும் உண்டு. எழும்பூருக்கோ கோட்டைக்கோ போகிறவர் கிண்டியில் புறநகர் ரயிலுக்கு மாறினால் மெட்ரோவில் ஆகும் செலவில் சிறு பங்குதான் ஆகும். நேரம்தான் முக்கியம் என்றால் மெட்ரோ. வழிகள் அருகருகே தெரியும்போது விரைவானதை மட்டும் பார்க்காமல் கட்டணத்தையும் பார்ப்பவருக்கே செயலி லாபம் தருகிறது.

மெட்ரோவில் தள்ளுபடி வெளிப்படையானது. கவுன்ட்டரில் காகிதச் சீட்டு வாங்கினால் முழுக் கட்டணம்; கைப்பேசியில் க்யூஆர் சீட்டு எடுத்தால் 20 சதவீதம் குறைவு. அதிகபட்சக் கட்டணமான 50 ரூபாய் 40 ஆகிறது. நான்கு பேர் கொண்ட குடும்பம் அந்தத் தூரத்துக்குப் போய்த் திரும்பினால் 80 ரூபாய் மிச்சம். மருத்துவமனை வாசலில் நாலு பேரும் சிற்றுண்டி சாப்பிட அது கணிசமாக உதவும்.

பேருந்தில் கதை வேறு. இங்கே பெரிய சேமிப்பு செயலிக்கு வெளியே இருக்கிறது. 2021 மே 8 முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. திருநங்கையருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் இந்தச் சலுகை பின்னர் விரிந்தது. 2023 ஜூனில் இதே போன்ற ‘சக்தி’ திட்டத்தைத் தொடங்கிய கர்நாடகத்தில் உள்ளூர்வாசி என்பதற்கு அடையாள அட்டை கேட்கிறார்கள். தமிழ்நாட்டில் பெண்களிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை. சித்தூரிலிருந்து தாயை அழைத்து வந்த மகளும் தாராளமாக ஏறலாம். முன்புறமும் பின்புறமும் இளஞ்சிவப்பு வண்ணம் பூசிய பேருந்து என்றால் கட்டணமில்லாப் பயணம் என்று பொருள். அதே தடத்தில், அதே எண்ணோடு டீலக்ஸ் வண்டியும் வரலாம். அதில் எல்லோருக்கும் கட்டணம் உண்டு. அவசரமில்லை என்றால் அடுத்த வண்டிக்கு நிற்பதுதான் புத்திசாலித்தனம். இந்த வேறுபாட்டைப் புதியவருக்கு முதல் திரையிலேயே உரக்கச் சொல்வது ஒரு பயணச் செயலியின் கடமை.

நீண்ட நாள் தங்குபவர்களுக்கு இன்னொரு கணக்கு இருக்கிறது. மாநகரப் பேருந்தில் விருப்பம்போல் பயணம் செய்யும் மாதப் பாஸ் 1,000 ரூபாய், குளிர்சாதனப் பேருந்துகளையும் சேர்த்தால் 2,000 ரூபாய். இரண்டையும் செயலியிலேயே வாங்கலாம். முதலாவதை முப்பது நாளுக்குப் பங்கிட்டால் நாளுக்குச் சுமார் 33 ரூபாய். கதிரியக்கச் சிகிச்சைக்காக வாரக்கணக்கில் தினமும் மருத்துவமனைக்குப் போய்வரும் ஆண் துணையாளர் யோசிக்காமல் வாங்கலாம். மூன்று நாள் வேலையாக வந்தவருக்கோ இதில் பயனில்லை. ஒரு காலத்தில் 50 ரூபாய் நாள் பாஸை வாங்கிக்கொண்டு காலை முதல் இரவு வரை எந்தப் பேருந்திலும் ஏறி இறங்கிய தலைமுறை சென்னையில் இருக்கிறது. விருந்தினருக்கு அதைவிட உகந்த சீட்டு இல்லை. மெட்ரோவிடம் மட்டும் 100 ரூபாய் ஒரு நாள் சுற்றுலா அட்டை உண்டு, திரும்பத் தரப்படும் முன்பணம் 50 ரூபாய் தனி. ஆனால் அது பேருந்தில் செல்லாது.

செயலியின் பெருங்குறையும் இதுதான். பயணச்சீட்டை ஒன்றாக்கியிருக்கிறார்கள், கட்டணத்தை ஒன்றாக்கவில்லை. பேருந்து, மெட்ரோ, ரயில் என்று மூன்றில் மாறிப் போனால் மூன்று கட்டணமும் அப்படியே கூடுகின்றன. வண்டி மாறுவதற்கென்று கழிவு எதுவும் இல்லை. லண்டனில் 2005 முதலே ஆய்ஸ்டர் அட்டைக்கு நாள் உச்சவரம்பு இருக்கிறது. ஒரு நாளில் எத்தனை முறை ஏறி இறங்கினாலும், குறிப்பிட்ட தொகையைத் தொட்டதும் அட்டை மேற்கொண்டு பணம் பிடிப்பதில்லை. பயணி கணக்குப் போடவே வேண்டாம். எல்லா வண்டிகளின் கணக்கும் ஒரே செயலி வழியாகப் போகும் சென்னையில் இதற்கான தொழில்நுட்பத் தடை பெரிதல்ல. மூன்று நிர்வாகங்களும் வருவாயைப் பங்கிட்டுக்கொள்ளச் சம்மதிக்க வேண்டும், அவ்வளவே. கலங்கரை விளக்கம் – பூந்தமல்லி மெட்ரோ தடத்தில் ஐயப்பன்தாங்கலுக்கும் ஒரு நிலையம் உண்டு. அந்தத் தடம் முழுமையாக ஓடும்போது பேருந்திலிருந்து மெட்ரோவுக்கு மாறுபவர்கள் இந்தப் பகுதியில் பெருகுவார்கள். உச்சவரம்பை முடிவு செய்ய அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை.

கைப்பேசியில் பணம் கட்டிப் பழகாத பெற்றோரோடு வருபவர்கள் செயலியை மட்டும் நம்ப வேண்டாம். மெட்ரோவுக்காக 2023 ஏப்ரலில் அறிமுகமான ‘சிங்காரச் சென்னை’ அட்டை, 2025 ஜனவரி முதல் மாநகரப் பேருந்திலும் செல்கிறது. மெட்ரோவின் 20 சதவீதத் தள்ளுபடி அதற்கும் உண்டு. நடத்துநரின் கருவியில் ஒரு முறை தொட்டால் சீட்டு வந்துவிடும். சில்லறைத் தகராறும் கிடையாது, கைப்பேசியில் சார்ஜ் இறங்கிவிடுமோ என்ற கவலையும் கிடையாது.